பக்கத்து வீட்டு உக்ரைன் திருவிழா: நம்மவர்கள் கேட்கும் கேள்விகள்

டொரண்டோவில் எங்கள் அடுத்த வீடு உக்ரைனியக் குடும்பம். அந்த வீட்டுப் பாட்டியோடு பழகித்தான் அவர்கள் தேவாலயக் கூடத்துச் சமையலுக்குக் கை கொடுக்கப் போக ஆரம்பித்தேன். அப்புறம் அவர்கள் விழாக்களுக்கும் போனேன். இப்போது ஒவ்வொரு செப்டம்பரிலும் தமிழ் நண்பர்கள் சிலரையும் கூட்டிக்கொண்டு போகிறேன். கார் கிளம்பியதும் அதே சந்தேகங்கள்தான் வரும். கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை இங்கே எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைக் கொடுத்திருக்கிறேன்.

அக்கா, ஸ்லாவியர்னா யாரு? அது ஒரு நாடா?

நாடு இல்லை, மொழிக் குடும்பம். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் எல்லாம் திராவிடக் குடும்பம் என்று சொல்கிறோமே, அதுபோல. கிழக்கே உக்ரைனியம், ரஷ்யம், பெலாரசியம். மேற்கே போலிஷ், செக், ஸ்லோவாக். தெற்கே செர்பியம், குரோவேசியம், பல்கேரியம் முதலானவை. இடையில் இருக்கிற ருமேனியாவும் ஹங்கேரியும் இந்தக் குடும்பத்தில் சேராது.

எழுத்தும் ஒன்றில்லை. உக்ரைன், பல்கேரியா பக்கம் சிரிலிக் எழுத்து. போலந்து, செக் நாடுகளில் லத்தீன் எழுத்து. அதனால் 'ஸ்லாவிய விழா' என்று பொதுவாகச் சொல்வதைவிட யாருடைய விழா என்று பெயர் சொல்வதே நல்லது. நான் இங்கே பேசுவது பெரும்பாலும் கனடாவில் நடக்கும் உக்ரைனிய விழாக்களைப் பற்றி.

கனடாவுக்கு இவங்க எப்போ வந்தாங்க? 2022 போருக்கு அப்புறமா?

நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். முதல் குடியேறிகள் வந்தது 1891-இல். அப்போது ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் கையில் இருந்த கலீசியா, புக்கோவினா பகுதிகளிலிருந்து விவசாயிகள் கிளம்பி வந்தார்கள். 10 டாலர் பதிவுக் கட்டணத்துக்கு 160 ஏக்கர் நிலம் என்று கனடா அரசு அறிவித்திருந்தது. 1914-க்குள் ஏறத்தாழ 1,70,000 பேர் வந்து மேனிட்டோபா, சஸ்காட்செவான், ஆல்பர்ட்டா சமவெளிகளில் குடியேறினார்கள். முதல் குளிர்காலத்தைப் பாதி மண்ணுக்குள் தோண்டிய குடிசைகளில் கழித்த குடும்பங்கள் பல.

2021 கணக்கெடுப்பில் தங்கள் வேர் உக்ரைன் என்று சொன்னவர்கள் 12 லட்சத்துக்கும் மேல். போருக்குப் பின் அவசர விசாவில் வந்தவர்கள் ஏறத்தாழ 3 லட்சம். ஆக, ஐந்தாம் தலைமுறைக் கனடியரும் நேற்று விமானம் இறங்கியவரும் ஒரே விழாவில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள்.

எந்த விழாவுக்குப் போகலாம்? டிக்கெட் உண்டா?

டொரண்டோவில் இருப்பவர்களுக்கு ப்ளூர் வெஸ்ட் வில்லேஜ் தெருவிழாதான் எளிது. செப்டம்பரில் ஒரு வார இறுதி, ப்ளூர் தெருவின் ஒரு பகுதியை அடைத்துவிட்டு நடத்துவார்கள். ஊர்வலம், மேடை, கடைகள் எல்லாம் உண்டு. சுரங்க ரயிலில் போய் ஜேன் நிலையத்தில் இறங்கினால் போதும். டிக்கெட் கிடையாது, யாரும் போகலாம். ரான்செஸ்வேல்ஸ் தெருவில் போலந்துக்காரர்களின் விழாவும் செப்டம்பரில்தான் வரும்.

நேரமும் பணமும் இருந்தால் சமவெளிப் பக்கம் ஒருமுறை போய் வாருங்கள். மேனிட்டோபாவில் டாஃபின் ஊருக்கு வெளியே கோடையில் நடக்கும் தேசிய உக்ரைனிய விழாவும், ஆல்பர்ட்டாவில் வெக்ரவில் என்ற சிற்றூரில் நடக்கும் விழாவும் பெயர் பெற்றவை. வெக்ரவில்லில் உக்ரைனியரின் கோல முட்டை வடிவில் 1975-இல் நிறுத்திய அலுமினிய முட்டை 31 அடி உயரம், காற்றடிக்கும் திசைக்குத் திரும்பும். தூரத்திலிருந்து பார்த்தால் பொம்மை போலத்தான் இருக்கும். அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் அத்தனை முக்கோணத் தகடுகளையும் எப்படிக் கோத்தார்கள் என்று வியப்பாக இருக்கும்.

நான் சைவம். அங்கே பட்டினிதானா?

இல்லவே இல்லை. வரேனிக்கி கேளுங்கள். கனடாவில் அதைப் பெரோகி என்றும் சொல்வார்கள். மைதா மாவை வட்டமாக வெட்டி, உள்ளே உருளைக்கிழங்கு மசியல் வைத்து மடித்து, ஓரத்தைச் சோமாசி போல அழுத்தி, கொதிக்கும் நீரில் போட்டு எடுப்பது. பாலாடைக்கட்டி, புளித்த முட்டைக்கோஸ் வைத்தும் செய்வார்கள். மேலே வதக்கிய வெங்காயமும் புளிப்புக் கிரீமும். ஒரே ஒரு எச்சரிக்கை: சில கடைகளில் வெங்காயத்தோடு பன்றி இறைச்சித் துண்டுகளையும் வறுத்துத் தூவுவார்கள். தட்டு கைக்கு வருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

போர்ஷ் என்ற பீட்ரூட் சூப் பார்க்கச் சைவம்போல இருக்கும். ஆனால் அடியில் எலும்புச் சாறு இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். முட்டைக்கோஸ் இலையில் அரிசி வைத்துச் சுருட்டும் ஹொலுப்ட்சியில் பெரும்பாலும் இறைச்சியும் இருக்கும். பூண்டு மணக்கும் கோவ்பசா பன்றி இறைச்சித் தொத்திறைச்சி, அதில் சந்தேகமே வேண்டாம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு விருந்து முழுக்க இறைச்சி இல்லாதது. 12 வகை வைப்பார்கள். ஆனால் மீன் இருக்கும். முதலில் வருவது கூட்டியா: வேகவைத்த கோதுமை, தேன், கசகசா. நம் வீட்டுக் கோதுமைப் பாயசத்தில் பாலை விட்டுவிட்டால் எப்படி இருக்குமோ, அந்த ருசி.

முட்டையில கோலம் போடுறாங்களே, அது பெயிண்டா?

பெயிண்ட் இல்லை, மெழுகு. அதன் பெயர் பிசங்கா, பன்மையில் பிசங்கி. 'எழுதுவது' என்ற சொல்லிலிருந்து வந்தது. அதனால்தான் அவர்கள் முட்டையை 'வரைந்தேன்' என்று சொல்வதில்லை, 'எழுதினேன்' என்கிறார்கள். விழாவில் இதற்கு ஒரு மேசை இருந்தால் வேறு எதையும் பார்க்காவிட்டாலும் அங்கே போய் உட்காருங்கள்.

கையில் கிஸ்ட்கா என்று ஒரு கருவி தருவார்கள். மரக்குச்சியின் நுனியில் சின்னப் பித்தளைப் புனல். அதை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி, தேன்மெழுகுக் கட்டியில் குத்தினால் உருகிய மெழுகு புனலுக்குள் ஏறும். வெள்ளை முட்டையில் அதைக்கொண்டு கோடு இழுக்க வேண்டும். மெழுகு பட்ட இடம் கடைசிவரை வெள்ளையாகவே இருக்கும். அப்புறம் முட்டையை மஞ்சள் சாயத்தில் முக்கி எடுத்து, மஞ்சளாக இருக்க வேண்டிய இடங்களை மெழுகால் மூடுவது. பிறகு ஆரஞ்சு, சிவப்பு, கடைசியில் கறுப்பு. கிஸ்ட்காவை அசைக்காமல் முட்டையைத்தான் திருப்ப வேண்டும் என்று பாட்டி முதல் நாளே சொன்னார். எனக்கு அது கைவர மூன்று ஈஸ்டர் ஆனது. கோடு தப்பினால் அழிக்க வழியில்லை. தப்பிய கோட்டை ஒரு இலையாகவோ கதிராகவோ மாற்றிவிட வேண்டியதுதான்.

எல்லாம் முடிந்ததும் கையில் இருப்பது ஒரு கரிக்கட்டை. இதற்கா மூன்று மணி நேரம் உட்கார்ந்தோம் என்று தோன்றும். அதைச் சுடரின் மேலே காட்டாமல் பக்கத்தில் காட்ட வேண்டும், மேலே காட்டினால் புகை படியும். மெழுகு பளபளக்கத் தொடங்கியதும் மெல்லிய தாளால் துடைத்தால், கறுப்புக்குள்ளிருந்து சிவப்பும் மஞ்சளும் வெள்ளையும் வெளியே வரும். என் மகள் முதல்முறை துடைத்தபோது மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள். சூரியன், மான், கோதுமைக் கதிர், ஏணி என்று ஒவ்வொரு சின்னத்துக்கும் பொருள் உண்டு. முடிவே இல்லாமல் முட்டையைச் சுற்றிவரும் அலைக்கோடு ஒன்று இருக்கிறது, நம் சிக்குக்கோலம் போட்டுப் பழகியவர்களுக்கு அது சட்டென்று பிடிபடும்.

கார்பேத்திய மலையில் வாழும் ஹுத்சுல் மக்களிடம் ஒரு கதை உண்டு. உலகை அழிக்கக் காத்திருக்கும் தீய சக்தி ஒன்று மலையில் சங்கிலியால் கட்டப்பட்டிருக்கிறதாம். அந்த வருஷம் எத்தனை பிசங்கி எழுதினார்கள் என்று அதன் ஏவலாட்கள் வந்து எண்ணிப் போவார்களாம். எண்ணிக்கை குறைந்தால் சங்கிலி தளரும், கூடினால் இறுகும். 2024 டிசம்பரில் இந்தக் கலையை யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

அந்த முட்டையைச் சாப்பிடலாமா?

பிசங்காவைச் சாப்பிடக் கூடாது. பச்சை முட்டையில் எழுதியது, சாயமும் உண்ணத் தக்கதல்ல. ஈஸ்டருக்கு அவித்து ஒரே நிறத்தில் சாயம் ஏற்றுவது கிராஷங்கா. அதுதான் சாப்பிட.

அவங்க எம்பிராய்டரி சட்டையை நான் போட்டா தப்பா நினைப்பாங்களா?

மாட்டார்கள், சந்தோஷப்படுவார்கள். அதன் பெயர் விஷிவாங்கா. மே மாதம் மூன்றாம் வியாழக்கிழமை இதற்கென்றே ஒரு நாள் உண்டு. 2006-இல் செர்னிவ்ட்சி பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கியது, இப்போது உலகம் முழுக்க அந்த நாளில் அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் இதைப் போட்டுக்கொண்டு போகிறார்கள்.

நிறமும் நூல்வேலையும் ஊருக்கு ஊர் மாறும். காஞ்சிபுரத்துப் பட்டு எது, செட்டிநாட்டுக் கண்டாங்கி எது என்று நாம் பார்த்ததும் சொல்வதுபோல, தையலைப் பார்த்தே எந்தப் பக்கம் என்று சொல்லக்கூடிய பாட்டிமார் இருக்கிறார்கள். போல்டாவா பக்கம் வெள்ளைத் துணியில் வெள்ளை நூலாலேயே தைப்பார்கள். கிட்டே போய்ப் பார்த்தால்தான் வேலைப்பாடு தெரியும். வாங்குவதாக இருந்தால் அச்சடித்ததை விட்டுவிட்டு, கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தைத்ததை வாங்குங்கள். சேலை கட்டிப் போனாலும் நல்லதுதான். கரை வேலைப்பாட்டைத் தொட்டுப் பார்த்து, எப்படி நெய்தது என்று உங்களைக் கேள்வி கேட்பார்கள்.

இது கிறிஸ்தவ விழாவா? நாங்க இந்து, வரலாமா?

தெருவிழாவில் மதம் ஒரு கேள்வியே இல்லை. தேவாலயக் கூடத்தில் நடக்கும் விருந்துக்கும் யாரும் போகலாம். ஆரம்பத்தில் ஒரு ஜெபம் இருக்கும், எழுந்து நின்றால் போதும்.

பல சடங்குகள் கிறிஸ்தவத்துக்கு முந்தியவை. கீவ் நகரத்தை ஆண்ட வொலொதிமிர் 988-இல் ஞானஸ்நானம் பெற்றார் என்பது வரலாறு. ஆனால் விதைப்பும் அறுப்பும் வெயிலும் பனியும் அதற்கு முன்பே கொண்டாடப்பட்டவை. கோடையின் நடுவே வரும் குபாலா இரவில் பெண்கள் பூவளையம் கட்டி ஆற்றில் மிதக்க விடுவதும், தீ மூட்டி அதைத் தாண்டுவதும் அப்படி வந்தவையே. பிறகு கிறிஸ்தவச் சபை அதற்கு ஞானஸ்நானம் கொடுத்த யோவானின் பெயரைச் சேர்த்துக்கொண்டது.

ஒரு வருஷம் கிறிஸ்துமஸ் ஜனவரி 7-ன்னு சொன்னாங்க, இப்போ டிசம்பர் 25-ங்கிறாங்க. எது சரி?

இரண்டும் சரி. பழைய ஜூலியன் நாட்காட்டி நம் நாட்காட்டியைவிட 13 நாள் பின்தங்கி ஓடுகிறது. 2023 செப்டம்பரில் உக்ரைனின் இரண்டு பெரிய சபைகள் கிறிஸ்துமஸ் முதலிய நிலையான நாட்களைப் புதிய கணக்குக்கு மாற்றிக்கொண்டன. கனடாவில் இது சபைக்குச் சபை, சில வீடுகளில் அண்ணன் தம்பிக்குள்ளேயே, வேறுபடும். வாழ்த்துச் சொல்வதற்கு முன் 'உங்கள் வீட்டில் எந்த நாள்?' என்று கேட்டுவிடுங்கள்.

பழைய கணக்கின் புத்தாண்டு இரவு ஜனவரி 13. அதை மலங்கா என்பார்கள். விருந்தும் ஆட்டமுமாக விடிய விடிய நடக்கும். அன்று இரவு அங்கே ஆடிவிட்டு மறுநாள் காலை வீட்டில் பொங்கல் வைத்த வருஷங்கள் எங்களுக்கு உண்டு.

வாசல்ல ரொட்டியும் உப்பும் நீட்டினாங்க. என்ன செய்யணும்னு தெரியாம வணக்கம் வெச்சுட்டேன்.

வணக்கம் வைத்ததில் தவறில்லை. நம் ஊரில் ஆரத்தி எடுப்பதுபோல அது வரவேற்பு. பின்னல் போட்ட ரொட்டி, மேலே ஒரு கிண்ணத்தில் உப்பு, அடியில் ருஷ்னிக் என்ற பூவேலைத் துண்டு. ரொட்டியில் ஒரு சின்னத் துண்டு பிய்த்து, உப்பைத் தொட்டு வாயில் போட்டுக்கொள்ளுங்கள். பெரிதாகப் பிய்க்க வேண்டாம், பின்னால் வருகிறவர்களுக்கும் வேண்டும். 'த்யாகுயு' என்றால் நன்றி.

விழாவில் பழகினவங்க வீட்டுக்குக் கூப்பிட்டிருக்காங்க. என்ன கொண்டு போறது?

பூ கொண்டு போங்கள், ஆனால் ஒற்றைப்படையில். 3, 5, 7 சரி. இரட்டைப்படை சாவு வீட்டுக்கு. மொய் எழுதும்போது 100 வைக்காமல் 101 வைக்கிறோமே, அந்தக் கவனம் போதும். செருப்பை வெளியே விடுவது நம் வழக்கமேதான். வாசற்படிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு கை குலுக்காதீர்கள், உள்ளே வந்த பிறகு குலுக்குங்கள். நிலைப்படியில் நின்று கொடுக்கல் வாங்கல் கூடாது என்று என் அம்மா சொல்வதை அந்த வீட்டுப் பாட்டி வாயிலும் கேட்டு நான் அசந்து போனேன்.

இன்னொன்று, பாட்டியை 'பாபா' என்று கூப்பிடுவார்கள். நம் காதுக்குச் சாமியார் பெயர்போல ஒலிக்கும். நீங்களும் அப்படியே கூப்பிடலாம்.

ரஷ்யாவும் உக்ரைனும் ஒண்ணுதானே? பாஷை கூட ஒண்ணுதான்னு சொல்றாங்க.

இதை மட்டும் விழாவில் போய்க் கேட்டுவிடாதீர்கள். தென்னிந்தியர் எல்லாரையும் 'மதராசி' என்றால் நமக்கு எப்படி இருக்கும்? அதைவிடப் பெரிய வலி இது. ஒரே குடும்பம் என்று முதல் கேள்வியிலேயே சொன்னேன், ஆனால் மொழி வேறு. நன்றி சொல்ல உக்ரைனியத்தில் 'த்யாகுயு', போலிஷில் 'ஜென்குயே', ரஷ்யத்தில் 'ஸ்பசீபா'. உக்ரைனியச் சொற்கள் பல ரஷ்யத்தைவிடப் போலிஷுக்கும் பெலாரசியத்துக்கும் நெருக்கம் என்பது இந்த ஒரு சொல்லிலேயே தெரியும்.

இந்த மொழி தடை செய்யப்பட்ட காலம் உண்டு. 1876-இல் ஜார் இரண்டாம் அலெக்சாண்டர் ஒரு ஆணையில் உக்ரைனியப் புத்தகம் அச்சிடுவதையும் மேடையேற்றுவதையும் தடுத்தார். பாட்டின் வரிகளைக்கூட இசைத்தாளில் அச்சிட முடியாது. 1932-33-இல் ஸ்டாலின் ஆட்சியில் வந்த பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். கனடா அதை இனப்படுகொலை என்று சட்டம் மூலம் ஏற்றிருக்கிறது. ஆகவே மேடையில் ஒரு குழந்தை அந்த மொழியில் பாடும்போது முன்வரிசைக் கிழவர்கள் கண்ணைத் துடைப்பது ஏன் என்று புரிந்துகொள்ளலாம். அதே சமயம், வீட்டில் ரஷ்ய மொழி பேசும் உக்ரைனியரும் ஏராளம். மொழியை வைத்து யார் எந்தப் பக்கம் என்று நீங்களாக முடிவுகட்ட வேண்டாம்.

போர் நடக்கும்போது ஆட்டம் பாட்டம் எதுக்கு?

ஈழத்திலிருந்து வந்த தோழி ஒருத்தி இதைக் கேட்டாள், கேட்டுவிட்டு அவளே அமைதியாகிவிட்டாள். 2009-க்குப் பிறகு எங்கள் கோயில் திருவிழாவையும் இப்படித்தான் பேசினோம் என்றாள்.

விழா நடுவில் மௌன அஞ்சலி உண்டு. நிதி திரட்டுவார்கள், மருந்துக்கும் ஆம்புலன்ஸுக்கும் போகும். போன வருஷம் சமையல் மேசையில் என் பக்கத்தில் புதிதாக வந்த ஒரு பெண் இருந்தார். ஆங்கிலம் வராது. காலையிலிருந்து பேசவே இல்லை, வரேனிக்கி ஓரத்தை அழுத்திக்கொண்டே இருந்தார். வெளியே பாட்டு தொடங்கியதும் மாவுக்கையோடு வாசலுக்குப் போய் நின்று முழுப் பாட்டையும் பாடிவிட்டு வந்து, மறுபடி மாவை எடுத்தார். விழா வேண்டுமா வேண்டாமா என்பதை அவர் சொல்லட்டும், நான் சொல்லத் தகுதி இல்லை.

ஒரு முட்டையில ஸ்வஸ்திகா மாதிரி பார்த்தேன். நம்மளோடதுன்னு சொல்லலாமா?

நீங்கள் பார்த்தது சரிதான். பழைய பிசங்கி வடிவங்களில் வளைந்த கையுள்ள சிலுவை ஒன்று உண்டு, சூரியனோடு சேர்த்துச் சொல்வார்கள். ஆனால் கூட்டத்தில் சத்தமாக அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டாம் என்பேன். 1941 செப்டம்பரில் கீவ் நகரத்தின் பாபின் யார் பள்ளத்தாக்கில் இரண்டே நாளில் 33,771 யூதர்களை நாஜிகள் சுட்டுக் கொன்றார்கள். அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் உங்கள் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கலாம். முட்டை எழுதிய பெண்ணிடம் தனியாக, மெதுவாகக் கேளுங்கள், அவரே விளக்குவார்.

அஞ்சு தலைமுறையா எப்படித் தாக்குப்பிடிச்சாங்க? நம்ம பிள்ளைங்க இப்பவே தமிழ் பேச மாட்டேங்குதே.

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். அவர்களுக்கும் எளிதாக நடக்கவில்லை. 1914-இல் முதல் உலகப் போர் வந்தபோது, கையில் ஆஸ்திரியப் பேரரசின் தாள் இருந்த ஒரே காரணத்துக்காக அவர்களைக் கனடா எதிரி நாட்டார் ஆக்கியது. 8,579 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள், பெரும்பாலோர் உக்ரைனியர். கடைசி முகாம் மூடப்பட்டது 1920-இல். அதற்குப் பிறகு பெயரை மாற்றிக்கொண்டவர்களும் பிள்ளைகளிடம் மொழியை மறைத்தவர்களும் உண்டு. பாட்டியின் தாய்மாமன் சாகும்வரை வீட்டுக்கு வெளியே ஆங்கிலம் தவிர ஒரு சொல் பேசவில்லையாம்.

திரும்பக் கட்டியது மூன்று இடங்களில்: சமையலறை, ஆட்டக்கூடம், பள்ளி. வாராவாரம் பாட்டிமார் ஆயிரக்கணக்கில் வரேனிக்கி பிடித்து விற்று அந்தப் பணத்தில் கூடங்களுக்குக் கூரை போட்டார்கள். 1920-களில் வாசில் அவ்ரமென்கோ என்ற ஆட்ட ஆசான் கனடா வந்து ஊர் ஊராக வகுப்பு எடுத்தார், அந்த வரிசை இன்றும் அறுபடவில்லை. ஆல்பர்ட்டாவில் 1974 முதல் அரசுப் பள்ளியிலேயே ஆங்கிலம்-உக்ரைனியம் இருமொழிக் கல்வி நடக்கிறது. 1964-இல் செனட்டர் பால் யூசிக், கனடா இரண்டு பண்பாட்டு நாடு மட்டுமல்ல, பல பண்பாட்டு நாடு என்று மன்றத்தில் வாதாடினார். 1971-இல் அது அரசின் கொள்கையானது. நாம் இங்கே நடத்தும் தமிழ் வகுப்புக்கும் கோயில் தேருக்கும் அந்தக் கொள்கை இடம் கொடுத்தது. இதற்காகவும் அவர்கள் விழாவுக்கு ஒரு நடை போகலாம்.

மொழி எல்லாருக்கும் மிஞ்சவில்லை, அதையும் சொல்ல வேண்டும். நான்காம் தலைமுறையில் பலருக்கு 'பாபா', 'த்யாகுயு', சாப்பாட்டுப் பெயர்கள் தவிர வேறு தெரியாது. ஆனால் ஆட்டமும் கைவேலையும் தெரியும், அதைப் பிடித்துக்கொண்டு முப்பது வயதில் மொழி வகுப்புக்குத் திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளை உட்காரவைத்து 'இது நம் பெருமை' என்று அவர்கள் பேசுவதில்லை. ஆறு வயதில் கையில் மாவைக் கொடுத்து, ஓரத்தை அழுத்து, பிரிந்தால் தண்ணீரில் கரைந்துவிடும் என்கிறார்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிசங்கா உடைஞ்சுபோச்சு. ஏதாவது கெட்ட சகுனமா?

சகுனம் இல்லை. முன்பே சொன்னதுபோல் உள்ளே பச்சை முட்டை. வருஷங்கள் போகப் போக அது தானாக வற்றிக் கெட்டியாகும், எடுத்து ஆட்டினால் உள்ளே சின்னக் கல் உருளுவதுபோல் கேட்கும். அதற்குள் விரிசல் விட்டால் நாற்றம் தாங்காது. அதனால் வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், மூடிய கண்ணாடிப் பெட்டி வேண்டாம். உள்ளிருப்பதை ஊதி எடுத்த முட்டை என்றால் இந்தக் கவலை இல்லை.

என் முதல் முட்டை இரண்டாம் வருஷமே உடைந்தது. உடைந்த ஓடுகளை என்ன செய்வது என்று பாட்டியிடம் கேட்டேன். தோட்டத்துக்குக் கூட்டிப்போய் தக்காளிச் செடி அடியில் நொறுக்கிப் போடச் சொன்னார். உள்ளே வந்து, கூடையிலிருந்து ஒரு வெள்ளை முட்டையை எடுத்து என் கையில் வைத்தார்.